வைக்காமல் விட்ட பல்

கொழிஞ்சாம்பாறையில் பல் செட் கட்டிக்கொள்ள வந்த அம்மா கேட்ட கேள்விக்கு, பல் டாக்டரான நான் சொன்ன பதில் சரிதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

அவருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கிடையாது. பல் இழப்பை வகைப்படுத்தும் கென்னடி முறையில் இது முதல் வகுப்பு. பல் தன் குழிக்குள் அழுந்துவது 0.2 மில்லிமீட்டர் அளவுதான். ஈறோ 1 மில்லிமீட்டருக்கு மேலும் அமுங்கும். அதனால் கடிக்கும்போதெல்லாம், கழற்றி மாட்டும் செட்டின் பின்பக்கம் இறங்கும். செட்டைப் பிடித்திருக்கும் கொக்கி, தாங்குகிற பல்லைக் கடப்பாரை மாதிரி பின்னால் நெம்பும். அதைத் தவிர்க்கத்தான் ரெஸ்ட்டை, அதாவது பல்மேல் உட்கார்ந்து செட்டைத் தாங்கும் சின்னப் பகுதியை, பல்லின் முன்னோரத்தில் வைத்தேன். பாரம் விழுந்தால் ஐ-பார் என்ற கொக்கி பல்லை நெம்பாமல் விலகிக்கொள்ளும். பல் மருத்துவர்களில் 1963-இல் கிராடோச்வில் சொல்லி, 1973-இல் க்ரோல் திருத்திய முறை. செட்டின் அடித்தளத்தை, கடைவாய்க்குப் பின்னால் இருக்கும் ஈறுத் திண்டான ரெட்ரோமோலார் பேட் வரை நீட்டினேன். பாரம் குறையட்டும் என்று இரண்டு பக்கமும் கடைசிக் கடைவாய்ப் பல்லை வைக்காமலே விட்டேன்.

செட்டை மாட்டியதும் நாக்கால் தடவிப் பார்த்தார்.

“ஏனுங்க டாக்டரு, கடைசிப் பல்லு வெக்கலீங்களா?”

“வெச்சா பாரம் ஏறுமுங்கம்மா. இருக்கற பல்லு ஆடிப்போயிரும்.”

“பல்லுக்கு நோவக்கூடாதுன்னு ஈறுக்கு நோவ வெக்கறீங்களா?”

செட் பரவலாக உட்கார்ந்தால் ஈறு தாங்கிக்கொள்ளும் என்றேன். பொய்யில்லை. ரெஸ்ட்டே இல்லாத மலிவான அக்ரிலிக் தட்டு ஈறுக்குள் புதைந்து, பல்லின் வேர் வெளியே தெரிய வந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். அந்தக் கதி இவருக்கு வரக்கூடாது என்றுதான் அத்தனை கணக்கும் போட்டேன்.

ஆனால் பல்லிலிருந்து இறக்கிய பாரம் வேறெங்கே போகும்? ஈறுக்கும் அதனடியில் உள்ள எலும்புக்கும்தான். எலும்பு தேயத் தேய, செட்டின் அடிப்பக்கத்தை ஈறோடு மறுபடி பொருத்தி ரீலைன் செய்யணும். செய்யாவிட்டால் செட் ஆடும், காப்பாற்ற நினைத்த பல்லையும் ஆட்டும். வருஷா வருஷம் வாங்க என்று சொல்வது எனக்குச் சுலபம். ஒரு நாள் கூலியை விட்டு வருவது அவர். பத்து வருஷம் கழித்தும் அந்தப் பல் இருக்கணும் என்று முடிவெடுத்தது நான். நாளைக்கே கடலை மென்று தின்னணும் என்பது அவர் ஆசை. அதைக் கேட்டுக்கொண்டுதான் முடிவெடுத்தேனா? கேட்டிருந்தாலும் அதே டிசைனைத்தான் போட்டிருப்பேன் என்று தோன்றுகிறது.

இப்போதெல்லாம் மெழுகு செட்டை வாயில் வைத்துப் பார்க்கும்போதே, கடைசிப் பல் வராது, காரணம் இது என்று சொல்லிவிடுகிறேன். சரி என்பவர்கள் உண்டு. அதையும் வெச்சே குடுங்க என்று பிடிவாதமாகக் கேட்பவர்களும் உண்டு. சிலருக்கு வைத்துக் கொடுத்திருக்கிறேன், சிலருக்கு மறுத்திருக்கிறேன்.