பதினெட்டு வருஷ ஊழியம், இரண்டு பக்கம்

தென்னிந்தியத் திருச்சபையில் சேகரத்துக் (சில சபைகள் சேர்ந்த வட்டாரம்) குருவானவருக்குப் பயோடேட்டா எழுதும் வேலையே வராது. மாற்றல் உத்தரவு வரும், சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு அடுத்த சேகரத்துக்குப் போய்விடுவோம். எனக்குப் பதினெட்டு வருஷம் அப்படியே போனது. ஒரு மிஷன் மருத்துவமனையில் சாப்ளின் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் இருந்து பேசி, தேற்றுகிற வேலை. ஆசை வந்தது, விண்ணப்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது நான்கு பக்கம். ‘கர்த்தருடைய பெரிதான கிருபையால்’ என்று ஆரம்பித்து, நான் இரட்சிக்கப்பட்ட கதையைச் சொல்லும் சாட்சி, பிரசங்கித்த கன்வென்ஷன் கூட்டங்களின் பட்டியல், அங்கியோடு ஒரு போட்டோ. மனைவியின் தம்பி ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கிற பிரிவில் இருக்கிறான். படித்துவிட்டு, “அத்தான், உங்களை ஆண்டவர் என்ன செஞ்சாருன்னு இருக்கு. நீங்க என்ன செஞ்சீங்கன்னு எங்கயுமே இல்லையே” என்றான்.

கோபம்தான் வந்தது. ஊழியத்தை எண்ணிக்கை போட்டுக் காட்டுவதா? வேதத்தில் தாவீது ராஜா ஜனங்களைத் தொகையிட்டு, அதற்காக ஆண்டவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது ஞாபகம் வந்தது. அவனிடம் அதைச் சொன்னேன். “சரி அத்தான், ஆனா கோயில் ரிஜிஸ்டர்ல எண்ணிக்கைதானே எழுதுறீங்க?” என்று திருப்பிக் கேட்டான்.

அதற்குப் பதில் இல்லை. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று எல்லாவற்றுக்கும் பதிவேடு வைத்திருக்கிறோம். கடைசியாக இருந்த சேகரத்தின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினேன். ஐந்து வருஷத்தில் 83 அடக்கம். அதில் பாதிப் பேருக்காவது கடைசி நாட்களில் மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் போய் நின்றிருக்கிறேன். கன்வென்ஷன் பட்டியல் முழுவதையும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் இதை இரண்டு வரியாக எழுதினேன். பிறகு நேர்காணலில் அவர்கள் அதிகம் கேட்டதும் இந்த இரண்டு வரியைப் பற்றித்தான்.

கடைசிப் பக்கத்தில் ஒரே வரியில் கிடந்த சி.பி.இ. பயிற்சியும் (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன், நோயாளிகளைத் தேற்றப் பழக்கும் பயிற்சி) மேலே ஏறியது. நோயாளியோடு பேசியதை நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, பயிற்சி தருகிறவர் முன்னால் வைத்து அலசுவோம். வெர்பேட்டிம் என்பார்கள். சாப்ளின் வேலைக்கு இதைத்தான் முதலில் தேடுவார்களாம். இதைப் போய் ஒளித்து வைத்திருந்தேனே.

நான் பெருமையாக எழுதியிருந்த ஒரு சம்பவத்தை மச்சினன் முழுதாக அடித்தான். புற்றுநோய் வந்த ஒரு தாயாரைப் பற்றியது, பேரும் ஊரும் போட்டிருந்தேன். “நாளைக்கு அங்க இருக்கிற நோயாளி சொல்றதையும் இப்படித்தான் வெளியே சொல்லுவீங்கன்னு ஆஸ்பத்திரிக்காரங்க நினைக்க மாட்டாங்களா?” நியாயம்தான்.

படிப்புப் பகுதியில் பெரிய சிக்கல் இல்லை. படித்தது மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில், பி.டி. என்கிற இறையியல் பட்டம் தந்தது, பல இறையியல் கல்லூரிகளுக்கும் பட்டம் வழங்கும் செராம்பூர் செனட். இரண்டையும் சேர்த்துக் குழப்பாமல் எழுதினேன். குருப்பட்டத்துக்கு முந்தின படியான டீக்கன் பட்டம் பெற்ற வருஷம், குருப்பட்டம் பெற்ற வருஷம் இரண்டும் தனித்தனியாகப் போயின. சாட்சியைச் சுருக்கித் தனித்தாளில் இணைத்தேன், அதை விட மனசில்லை. பரிந்துரைக்கு மூன்று குருமார் பேர் போட்டிருந்ததை மாற்றி, ஒரு குருவானவர், நான் பார்க்கப்போன வார்டுகளை அறிந்த ஒரு டாக்டர், ஒரு சபை மூப்பர் என்று வைத்தேன். மூவரிடமும் முன்பே கேட்டுக்கொண்டேன்.

ஒரு தப்பு மட்டும் பெரிய தப்பு. பேராயரின் அனுமதிக் கடிதம் இல்லாமல் குருவானவர் இப்படி வெளியே போக முடியாது. பயோடேட்டாவை முடித்த பிறகுதான் அதற்கு மனு கொடுத்தேன், கைக்கு வர ஆறு வாரம் ஆனது. விண்ணப்பத்தைக் கடைசி நாளில், பஸ்ஸில் கொண்டுபோய் நேரிலேயே கொடுத்தேன். நீங்கள் முதலில் அந்த மனுவைக் கொடுத்துவிடுங்கள், அப்புறம் எழுத உட்காருங்கள்.