ரயில் வராத ஊர்

அமெரிக்காவில் சில ஊர்களுக்கு மேயர் கிடையாது, நகராட்சி கிடையாது, பெரும்பாலான வேலைகளைக் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) நிர்வாகம்தான் பார்க்கும். கான்சாஸ் மாநிலத்து நிக்கோடீமஸ் அப்படி ஒரு குட்டி ஊர்.

1877-ல் கென்டக்கியிலிருந்து வந்த கறுப்பின மக்கள் உருவாக்கியது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டுப் பன்னிரண்டு வருஷம்கூட ஆகாத நிலையில், சொந்த நிலம் என்று ஆசை காட்டிய துண்டுப் பிரசுரங்களை நம்பிக் கிளம்பி வந்தவர்கள். வந்து பார்த்தால் மரமே இல்லாத வெறும் புல்வெளி! வீடு கட்டப் பலகைக்கு எங்கே போவது, தரையைத் தோண்டி அதற்குள்ளேயே குடியிருந்தார்கள். 1878-ல் வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று கேட்க, கணவர் காட்டியது தரைக்குள்ளிருந்து கிளம்பிய புகையை. அழுதே விட்டார், பாவம்.

பலர் திரும்பிப் போனார்கள். முதல் குளிர்காலத்தில் மிஞ்சியவர்களைக் காப்பாற்றியது, வேட்டை முடிந்து அந்த வழியாகப் போன ஓசேஜ் பழங்குடியினர் கொடுத்த இறைச்சி.

அப்புறம் தேவாலயம், கடைகள், ஹோட்டல், பேஸ்பால் அணி, இரண்டு செய்தித்தாள்கள்கூட வந்தன. (இத்தனூண்டு ஊருக்கு இரண்டு!) ரயிலை வரவழைக்க 1887-ல் 16,000 டாலருக்குக் கடன் பத்திரம் போட ஓட்டுப் போட்டார்கள். ஆனால் 1888-ல் தண்டவாளம் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே போய்விட்டது, ஊரிலிருந்து சில மைல் தூரம்தான். கடைக்காரர்களும் அதன் பின்னாலேயே போய்விட்டார்கள். 1953-ல் தபால் நிலையமும் மூடியாச்சு.

1996-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தார்கள். இப்போது அங்கே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஆனால் ஜூலை கடைசியில் நடக்கும் கொண்டாட்டத்துக்கு எங்கெங்கோ இருக்கும் பேரன் பேத்திகள் வந்து ஊரை நிரப்பிவிடுகிறார்கள்.