மல்லாட்டைப் பூவில் கலப்புச் செய்வது: நூலும் பருப்புத் தோலும்

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. மல்லாட்டை (வேர்க்கடலை) ரகங்கள் கடலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்குப் பழக்கமானவை. கலப்பில் ஒரு ரகம் உருவாக முதல் வேலை, ஒரு செடியின் பூவில் வேறு செடியின் மகரந்தத்தை வைப்பது. ஆனால் மல்லாட்டை, பூ விரிகிற விடியற்காலையிலேயே தற்சேர்க்கையை, அதாவது தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதை, முடித்துவிடும். முந்தின நாள் சாயங்காலமே நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

விதைத்து 25–30 நாளில் பூ வரும். மகரந்தம் தரும் தந்தை ரகத்தை ஒரு வார இடைவெளியில் இரண்டு மூன்று தவணையாக விதையுங்கள். மகரந்தம் ஏற்கும் தாய் வரிசைக்கு இரண்டடி இடைவெளி விடுங்கள். உட்கார இடம் வேண்டும்.

மாலை 4 மணிக்கு மேல், மறுநாள் விரியப்போகும் மொட்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து, தனியாக நிற்கும் புல்லி இதழை மடக்குங்கள். பெரிய கொடி இதழைத் திறந்து, பக்கத்துச் சிறகு இதழ்களைக் கீழே தள்ளி, உள்ளே மூடியிருக்கும் படகு இதழை இடுக்கியால் மெல்ல இழுத்தால் மகரந்தப் பைகள் தெரியும். கேசரம் (மகரந்தப் பையைத் தாங்கும் இழை) பத்து, பை பெரும்பாலும் எட்டில்தான். எண்ணி எடுங்கள். ஒன்று தங்கினாலும் கலப்பு கெட்டது. பிறகு கொடி இதழை மூடிவிடுங்கள், மகரந்தம் ஏற்கும் சூல்முடி காயாது. பூவைத் தாங்கும் காம்பு மாதிரி இருப்பது காம்பு அல்ல, குழல். இரவில் அது நீளும். காயாக வளரும் சூலகம் அடியில், கணுவிலேயே இருக்கும். குழலில் நகம் பட்டால் அந்தப் பூ போச்சு.

காலை 6 முதல் 8 மணிக்குள் தந்தைப் பூவின் படகு இதழைப் பிதுக்கினால் மகரந்தம் மஞ்சள் கட்டியாக வரும். அதைச் சூல்முடியில் ஒற்றுங்கள். வறண்ட காற்றடிக்கும் நாளில் பிடிப்பு குறையும். முந்தின நாளே தண்ணீர் பாய்ச்சி ஈரம் காக்க வேண்டும்.

பலரும் கோட்டைவிடுவது இதற்கப்புறம்தான். பூ அன்றே வாடிவிடும். ஒரு வாரத்தில், மண்ணுக்குள் இறங்கிக் காய் பிடிக்கும் விழுது கணுவிலிருந்து வரும். ஆகவே நிற நூலைக் கணுவில் கட்டுங்கள். அதே கணுவில் பிறகு இன்னொரு பூ வந்து தானாகக் காய்த்தால், நூல் கட்டியிருந்தும் அது கலப்பில்லை. கலக்காத பூக்களைத் தினமும் காலையில் கிள்ளிவிட வேண்டும். அடிக்கணுக்களையே தேர்ந்தெடுங்கள்: அரை அடிக்கு மேலிருந்து இறங்கும் விழுது மண்ணைத் தொடுவது அரிது. 40–45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைப்பது வழக்கம். கலப்புப் பாத்தியில் ஜிப்சத்தைக் கையால் தூவினால் போதும். மண் அணைத்தால் நூல் புதைந்துவிடும்.

இனி, கலந்ததா என்று பார்ப்பது. ரோஸ் பருப்புத் தாய்க்குச் சிவப்புப் பருப்புத் தந்தையை வைத்திருந்தால், கலந்த காயை உடைத்ததும் சிவப்பைத் தேடாதீர்கள். பருப்பின் தோல் தாயின் திசு, ரோஸாகத்தான் இருக்கும். அதை விதைத்து வளரும் முதல் தலைமுறைச் செடியின் காயில்தான் சிவப்பு தெரியும். ரோஸாகவே வந்தால் அது தற்சேர்க்கை, பிடுங்கிவிடுங்கள். அதற்கடுத்த தலைமுறையில் செடிக்குச் செடி நிறம் பிரியும், பொதுவாக மூன்று சிவப்புக்கு ஒரு ரோஸ்.

அந்த இரண்டாம் தலைமுறையிலேயே காய் எண்ணிக்கை பார்த்துத் தேர்ந்தெடுப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து. வரப்போரம், செடி இல்லாமல் சந்து விழுந்த இடம், அங்கெல்லாம் எந்தச் செடியும் அதிகம் காய்க்கும். செடிக்கு ஒரு காய் எடுத்து ஆறாம் தலைமுறை வரை கொண்டுபோங்கள். அடுத்த தலைமுறையில் குணம் பிரிய வைக்கும் கலப்புத்தன்மை சுமார் 3 சதவீதமாகக் குறைந்திருக்கும். விளைச்சலை அப்போது வரிசை வரிசையாக, பழைய ரகத்தைப் பக்கத்தில் போட்டு எடைபோடுங்கள்.