சோலோவுக்கு முன்னால் வந்த ஊரடங்கு: கிளைடர் பயிற்சிக் குறிப்புகள், நவம்பர் 2020

தெற்கு இங்கிலாந்தில் ஒரு கிளைடிங் கிளப்பில், இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரில் பறக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன குளிர்காலத்தில் நடுங்கிக்கொண்டே போய்ப் போய், வின்ச் ஏற்றமும் (தரையில் நிற்கும் இயந்திரம் கேபிளைச் சுருட்டிக் கிளைடரை மேலே இழுப்பது) தரையிறக்கமும் ஓரளவு கைக்கு வந்திருந்தன. வசந்தத்தில் சோலோ, அதாவது பயிற்சியாளர் இல்லாமல் தனியாக, போய்விடலாம் என்று கணக்கு. மார்ச் 23 அன்று ஊரடங்கு அறிவித்தார்கள், கிளைடர்களை வைக்கும் ஹேங்கரைப் பூட்டிவிட்டார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இது தனியாள் விளையாட்டு போலத் தெரியும். ஆனால் ஒரு கிளைடர் மேலே ஏற வின்ச் ஓட்ட ஒருவர், இறக்கை நுனியைப் பிடித்து ஓட ஒருவர், சிக்னல் கொடுக்க ஒருவர், கேபிளை இழுத்து வர ஒருவர் வேண்டும். எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிற உறுப்பினர்கள். சொல்லித் தருபவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். எழுபது தாண்டியவர்கள் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும் என்று அரசு சொன்னதும் பயிற்சியாளர் பட்டியல் இளைத்துவிட்டது.

வயிற்றெரிச்சல் வானிலைதான். அந்த மே மாதம் போல வெயில் அடித்த மாதம் பிரிட்டனில் பதிவே ஆனதில்லை. ஒவ்வொரு மேகத்தின் அடியிலும் ஒரு தெர்மல், கிளைடரைத் தூக்கிச் செல்லும் சூடான காற்று, ஏறிக்கொண்டிருக்கும், அதைப் பிடிக்க மேலே யாரும் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் காண்டோர் என்ற கிளைடர் சிமுலேட்டரைக் கணினிக்கு வாங்கினேன். ஜாய்ஸ்டிக்கும், வால் சுக்கானைக் காலால் திருப்பும் ரட்டர் பெடலும் பழைய விலைக்குக் கிடைத்தன. சிமுலேட்டரோடு வருவது ஸ்லோவேனியா மலைகள். இங்கிலாந்தின் தட்டை வயல்களுக்கு அது கொஞ்சம் அதிகப்படி. வாரம் ஒரு மாலை பயிற்சியாளர் வீடியோ அழைப்பில் என் திரையைப் பார்த்தபடி திருத்துவார். உணவு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, புறப்படுவதற்கு முந்தைய சோதனைகளை (ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்து சி பி, சிஃப்ட், சி பி இ என்று இங்கே மனப்பாடம் செய்வார்கள்) இல்லாத பிடிகளைத் தொட்டுத் தொட்டுச் சொல்லிப் பார்த்தேன். மஞ்சள் குமிழ் கேபிளை விடுவிக்க, நீலம் இறக்கத்தைக் கூட்டும் ஏர்பிரேக்குக்கு, பச்சை மூக்கின் நிலையைச் சீராக வைக்கும் ட்ரிமுக்கு, சிவப்பு கண்ணாடி மூடிக்கு. வீட்டில் எல்லோருக்கும் இது வேடிக்கை.

மே நடுவில் இங்கிலாந்தில் தனியாகப் பறக்க அனுமதி வந்தது. தனியாகப் பறக்கத் தெரிந்தவர்களுக்கு, அதாவது. மாதக்கணக்கில் கை விட்டுப்போனவர்களை அப்படியே அனுப்பவும் முடியாது. பிரிட்டிஷ் கிளைடிங் சங்கத்தில் 'கரன்ஸி பாரோமீட்டர்' என்று சிவப்பு, மஞ்சள், பச்சைப் பட்டைகளோடு ஓர் அட்டவணை உண்டு: கடந்த 12 மாதத்தில் எத்தனை ஏற்றம், எத்தனை மணி நேரம் என்று பார்த்தால் எந்த நிறத்தில் நிற்கிறோம் என்று தெரியும். வழக்கமாகச் சிவப்பில் இருப்பவரை ஒரு பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து சரிபார்ப்பார். இப்போது பின்னால் உட்காரத்தான் தடை. அதனால் பழக்கம் அதிகம் உள்ளவர்கள் முதலில், நல்ல வானிலையில் மட்டும். வரிசையின் கடைசியில் என்னைப் போன்ற மாணவர்கள். அது சரியான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன், அப்போது எரிச்சலாக இருந்தாலும்.

கோடை பாதி போனபிறகுதான் இருவர் பறக்க வழி பிறந்தது. ஏஎஸ்கே 21 என்ற இருவர் கிளைடரில் மாணவர் முன்னால், பயிற்சியாளர் பின்னால். நடுவில் அதிக இடைவெளி கிடையாது, மேலே கண்ணாடி மூடி. இருவருக்கும் மாஸ்க். இன்ஜின் இல்லாததால் கிளைடரில் சாதாரணமாகவே பேசிக்கொள்ளலாம். மாஸ்க்குக்குள்ளிருந்து வருவது பாதி முனகல்தான். மூக்குக் கண்ணாடி பனித்துப்போகும், பக்கவாட்டுச் சின்ன ஜன்னலைத் திறந்து வைத்தால் தெளியும். சுத்தம் செய்வதிலும் சிக்கல். கையில் தெளிக்கும் ஆல்கஹால் பட்டால் அக்ரிலிக் மூடியில் மெல்லிய விரிசல் விழும். ஆகவே சோப்புத் தண்ணீரும் மென்மையான துணியும். பாராசூட்டைக் கழுவ முடியாது, ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஒன்று.

சரி, சிமுலேட்டர் உதவியதா? சோதனைகளும், தரையிறங்கும் முன் சுற்றி வரும் பாதையும் மறக்கவே இல்லை. ஆனால் முதல் பறப்பிலேயே பின்னாலிருந்து "வெளியே பார், வெளியே பார்" என்ற முனகல். திரையில் பழகிய கண் வேகமானியிலேயே ஒட்டிக்கொள்கிறது. அடுத்த ஏற்றத்துக்கு அவர் கருவிகள் மேல் ஓர் அட்டையை ஒட்டிவிட்டார். மூக்கு அடிவானத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது, காற்றின் சத்தம் எப்படி ஏறுகிறது, இவற்றை வைத்தே வேகத்தைச் சொல்லவேண்டும். ரட்டரும் அப்படித்தான்: திருப்பத்தில் உடம்பு பக்கவாட்டில் சரிவதை வீட்டு நாற்காலி சொல்லாது. மூடியில் ஒட்டிய கம்பளி நூல் ஒரு பக்கம் சாய்வதைப் பார்த்துப் பார்த்துத்தான் கால் மறுபடி விழித்தது. தரையைத் தொடும் முன் மூக்கை நிமிர்த்தும் உயரமும் அப்படியே. ஓரக்கண்ணுக்குப் புல் ஓடவேண்டும்.

அக்டோபர் முடிவில் பாதுகாப்பாகச் சுற்றி வந்து இறங்குகிறேன் என்று பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து விழுந்தது. பாக்கி இருப்பது கேபிள் அறுந்தால் என்ன செய்வது என்ற பகுதி. பல உயரங்களில் அவர் சொல்லாமல் மஞ்சள் குமிழை இழுப்பார். மூக்கைத் தாழ்த்தி, தரையிறங்கத் தேவையான பறக்கும் வேகம் திரும்ப வந்த பிறகுதான் ஏர்பிரேக்கைத் தொடவேண்டும். அதற்குள் நவம்பர் 5 முதல் மறுபடி ஊரடங்கு. காண்டோரில் கேபிளை அறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வேகமானியை ஒரு துண்டுக் காகிதத்தால் மறைத்துவிட்டு.