காணாமல் போன வரிகள்

லண்டனில் ஓர் ஊடகக் கண்காணிப்பு நிறுவனத்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். கட்சிகளின் தேர்தல் அறிக்கைகளையும் துண்டுப்பிரசுரங்களையும் படித்து, வாடிக்கையாளர்களுக்குச் சுருக்கம் எழுதித் தர வேண்டும். என் பங்குக்கு வந்தது யுகிப் (UKIP) எனப்படும் ஐக்கிய ராச்சிய சுதந்திரக் கட்சி. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பதற்காகவே 1993இல் தொடங்கிய கட்சி.

பழைய அறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புதியதைப் படிப்பேன். எந்த வரி காணாமல் போயிருக்கிறதோ, அங்கேதான் செய்தி இருக்கும். யுகிப்பின் 2010 அறிக்கையில் எல்லோருக்கும் ஒரே விகிதமாக 31 சதவீத வருமான வரி என்று இருந்தது. வசதியானவர்களுக்கு இனிக்கும் திட்டம். 2014 ஜனவரியில் தலைவர் நைஜல் ஃபராஜ் அந்த அறிக்கையையே மொத்தமாகக் கைகழுவினார். 2015இல் வந்தது வேறு முகம்: அரசு மருத்துவச் சேவைக்கு ஆண்டுக்குக் கூடுதலாக 300 கோடி பவுண்டு, மருத்துவமனைகளில் வாகன நிறுத்தக் கட்டணம் ரத்து. 2012இல் மருத்துவத்தைக் காப்பீட்டு முறைக்குக் கொண்டுபோகலாம் என்று பேசியவரும் இதே ஃபராஜ்தான். வடக்கு இங்கிலாந்தில் தொழிற்கட்சிக்கு வழிவழியாக ஓட்டுப் போட்டவர்கள்மேல் கட்சி கண் வைத்திருந்தது. அவர்களிடம் போய் ஒரே விகித வரி என்று பேச முடியாது.

ஐரோப்பிய ஒப்பந்தங்களுக்காக யாரும் தூக்கம் கெடுவதில்லை. வேலை போகுமோ என்றுதான் கெடுகிறார்கள். 2014 சுவரொட்டி ஒன்றில் பார்ப்பவரை நோக்கி ஒரு விரல் நீண்டிருக்கும். ஐரோப்பாவில் 2 கோடியே 60 லட்சம் பேர் வேலை தேடுகிறார்கள், அவர்கள் குறிவைப்பது யாருடைய வேலையை என்று கேட்கும். அதற்கும் சுருக்கம் எழுதினேன். வந்தேறியான எனக்குக் கை கூசியது.

அப்புறம், கிழக்கு லண்டனில் நான் சாமான் வாங்கும் கடையின் யாழ்ப்பாணத்து அண்ணர். கிழக்கு ஐரோப்பியரைவிட இந்தியரும் ஆஸ்திரேலியரும் வருவதே மேல் என்று ஃபராஜ் சொன்னது அவருக்குப் பிடித்துப்போனது. “போலந்துக்காரர் விசா இல்லாமல் வருகினம். என்ர அக்காவின்ர பெடியனுக்கு மட்டும் ஏன் தம்பி இல்லை எண்டுறாங்கள்?” என்றார். அவர் மனக்குறை நியாயமானது. ஆனால் திறன்சாரா வேலைகளுக்கு வெளிநாட்டவர் வருவதை ஐந்தாண்டு நிறுத்துவோம் என்றும் அந்தக் கட்சியின் அறிக்கை சொன்னது. கடையில் நிற்க வரும் பெடியனுக்கு அதில் இடமே இல்லை. சொன்னேன். “அப்படியும் போட்டிருக்கோ?” என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார்.

பிரான்சிலும் கட்சி அறிக்கையில் வரிகள் காணாமல் போயின. 2017 அதிபர் தேர்தலில் யூரோ நாணயத்தை விட்டு வெளியேறுவோம் என்ற தீவிர வலதுசாரித் தலைவர் மரீன் லெ பென், தோற்ற பிறகு 2019 ஐரோப்பியத் தேர்தலில் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சேமிப்பு கரைந்துவிடும் என்று முதியவர்கள் பயந்தது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

2015 தேர்தலில் யுகிப் சுமார் 39 லட்சம் ஓட்டு வாங்கியது. கிடைத்தது கிளாக்டன் என்ற ஒரே தொகுதி. ஃபராஜே தோற்றார். ஒரு வாடிக்கையாளர், இனி இந்தக் கட்சிக்குச் சுருக்கம் தேவையா என்று கேட்டார். ஆளும் கன்சர்வேட்டிவ் கட்சியின் அறிக்கையைத் திறந்து பாருங்கள் என்று பதில் எழுதினேன். சொந்தக் கட்சி உறுப்பினர்களின் நெருக்கடியாலும் யுகிப்பின் வளர்ச்சியாலும் பிரதமர் டேவிட் கேமரன் 2013 ஜனவரியில் கொடுத்த, ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா வெளியேறுவதா என்ற பொதுவாக்கெடுப்பு வாக்குறுதி அதில் இருந்தது. அவருக்குப் பெரும்பான்மையும் கிடைத்திருந்தது.