ஆச்சியின் பாட்டுக்கு எந்த ஆண்டு?

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஒப்படைப்பில் "ஆதாரம்?" என்று ஓரத்தில் எழுதினேன். அப்படி எழுதியது சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை. வெகுசன இசை வரலாறு எங்கள் பள்ளியில் விருப்பப் பாடம். வீட்டில் பாடப்படும் ஒரு பாட்டின் வரலாற்றைத் தேடி எழுத வேண்டும் என்பது அந்தப் பருவத்தின் வேலை. ஆலங்குளம் பக்கத்திலிருந்து வரும் அவள் தன் ஆச்சி பாடும் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, 1969-இல் ஆச்சியின் கல்யாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடியது அது என்று எழுதியிருந்தாள். மெட்டும் முதல் இரண்டு அடிகளும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திரைப்பாடலுடையவை. படம் வந்ததோ அந்தக் கல்யாணத்துக்கு ஏழெட்டு ஆண்டுகள் கழித்து. பாட்டின் பெயரை இங்கே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முழுவதும் இசையமைப்பாளரைப் பற்றியதாகிவிடும்.

நினைவு எப்படி இடம் மாறும் என்பதை அவளுக்கு விளக்கினேன். திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது; அதற்கு முன்பே இலங்கை வானொலி நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. பீடி சுற்றும் பெண்களுக்குக் கை இலையிலும் காது வானொலியிலும் இருந்தன. அப்படி ஆண்டுக்கணக்கில் கேட்ட பாட்டு, கல்யாண நினைவோடு பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே அந்த வாக்கியத்தின் முடிவில் "என்று ஆச்சி கூறுகிறார்" என்பதை மட்டும் சேர்த்துவிடு என்றேன்.

"ஆச்சி பொய் சொல்ல மாட்டா, சார்" என்றாள்.

பொய் என்று நான் சொல்லவில்லை, ஆண்டு இடிக்கிறது என்றுதான் சொல்கிறேன் என்றேன். அவள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ரெக்கார்டு போட்டவங்களுக்கு மட்டுந்தான் சார் தேதி இருக்கு. எங்க ஆச்சி தேதிக்கு எங்க போவா?" என்று கேட்டாள். அந்த வாக்கியத்தை அவள் மாற்றவில்லை. ஆதாரத்துக்கு உரிய மதிப்பெண்ணில் பாதியை நான் குறைத்தேன்.

குறைத்ததற்குக் காரணம் இருந்தது. அதே வகுப்பில் வேறு சிலர் கைப்பேசியில் சுற்றி வந்த செய்திகளை அப்படியே எழுதி, ஆண்டையும் பாடகரையும் தங்கள் விருப்பம்போல் மாற்றி வைத்திருந்தார்கள். அவர்களிடம் சான்று கேட்டுவிட்டு இவளிடம் மட்டும் கேட்காமல் இருப்பது நியாயமாகாது. முதல் தமிழ்ப் பேசும்படம் 1931-இல் வந்தது, நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் மறைந்தார் என்றெல்லாம் உறுதியாகச் சொல்லி, அந்த மேடைப் பாட்டு இசைத்தட்டு வழியாகவும் நம்மை எட்டியது என்று பாடம் நடத்த முடிவதே தேதியை நம்பித்தான். அதைத் தளர்த்திவிட்டால், யார் குரல் ஓங்கியிருக்கிறதோ அவர் சொல்வதே வரலாறு என்றாகும்.

இந்த வாதத்தை எனக்குள் பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் சென்னிகுளத்தில் வந்து தடுமாறுகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து கழுகுமலை முருகனைப் பாடியது. பாதயாத்திரைக்காரர்களின் நடையில் ஏற்கெனவே ஊறிக் கிடந்த சந்தங்களை அவர் எடுத்து இலக்கியமாக்கினார். பின்னாளில் அந்தச் சிந்து மெட்டு மேடைக்கும் திரைக்கும் போனதை நான்தான் வகுப்பில் பாடிக் காட்டி விளக்குகிறேன். எது முந்தியது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஏன் இல்லை என்றால், ரெட்டியாருக்கு ஊற்றுமலை ஜமீனின் ஆதரவு இருந்தது, பாட்டுகள் அச்சேறின, பெயர் நின்றது. அவருக்கு முன் காவடி தூக்கிப் பாடிய யாருடைய பெயரும் நம்மிடம் இல்லை. அவர்கள் பாடியிருப்பார்கள் என்பதை மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறோம். அங்கே சான்று கேட்காத நான், ஆலங்குளத்தில் உயிரோடு இருக்கும் ஒரு கிழவியிடம் கேட்டிருக்கிறேன்.

இசைத்தட்டில் உள்ள ஆண்டு, பாட்டு கலையகத்துக்குள் நுழைந்த ஆண்டே தவிர மெட்டு பிறந்த ஆண்டு அல்ல என்பதும் நான் கற்பித்ததுதான். ஊர்ப்புற மெட்டுகளைத் திரையிசை எடுத்தாண்டிருக்கிறது என்பதும் நான் கற்பித்ததுதான். அவள் இரண்டையும் கூட்டிப் பார்த்திருக்கிறாள். அப்படியென்றாலும் அந்தக் குறிப்பிட்ட பாட்டு அப்படி எடுக்கப்பட்டது என்று இதனால் நிரூபணமாகிவிடாது. ஒரு கலைஞரின் படைப்பை ஒரே ஒருவரின் நினைவை வைத்து இரவல் என்று எழுத ஒரு மாணவியை அனுமதிப்பதும் பொறுப்பான செயல் அல்ல. இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் யாரோ ஒருவருக்கு அநீதி செய்வதாகவே எனக்குப் படுகிறது.

அந்த ஊருக்குப் போய், ஆச்சியின் வயதொத்த மற்றப் பெண்களிடமும் கேட்டுப் பார் என்று அவளிடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியதுண்டு. ஆனால் அவர்களும் அதே வானொலியைக் கேட்டவர்கள்தாமே என்று அடுத்த கணமே தோன்றுகிறது.

இப்போது ஒப்படைப்புப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் வைத்திருக்கிறேன்: பதிவில் உள்ள ஆண்டு, வீட்டார் சொல்லும் ஆண்டு. பிள்ளைகள் இரண்டையும் நிரப்பித் தருகிறார்கள். இரண்டும் முரண்பட்டால் மதிப்பெண்ணை எதற்குப் போடுவீர்கள் என்று தலைமையாசிரியர் கேட்டிருக்கிறார். விதிமுறையாக எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை.