90 என்று எழுதிவிட்டார்: கொஸ்தா ரிக்காவில் எங்கள் குளிர்காலம்

கொஸ்தா ரிக்காவில் இறங்கி மூன்றாம் நாள். பிளாயாஸ் டெல் கோக்கோ என்ற கடற்கரை ஊரில் எடுத்திருந்த வீட்டு விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் அன்று பனி கொட்டுகிறது என்று மகன் படம் அனுப்பியிருந்தான். அதைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தபோது மனைவி சும்மா என் பாஸ்போட்டைப் புரட்டினார்.

"இஞ்சேருங்கோ, இதிலை 90 எண்டெல்லோ எழுதிக் கிடக்கு."

சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றது. நாங்கள் வந்தது 2024 டிசெம்பர் 4. திரும்பிப் போகும் ரிக்கற் 2025 ஏப்ரல் 22. மொத்தம் 140 நாட்கள். கனடாப் பாஸ்போட் உள்ளவர்களுக்கு 2023 செப்ரெம்பரிலிருந்து 180 நாட்கள் வரை தருகிறார்கள் என்று வாசித்த நம்பிக்கையில்தான் இவ்வளவு நீளமாகத் திட்டம் போட்டேன். அந்த "வரை" என்ற சொல்லைக் கண் விழுங்கிவிட்டது. எத்தனை நாள் என்பதைக் குடிவரவுக் கவுண்டரில் இருக்கும் அதிகாரிதான் தீர்மானிக்கிறார். முத்திரையைக் குத்தி, உள்ளே பேனையால் இலக்கத்தை எழுதித் தருவார். அதை அங்கேயே நின்று பார்த்திருக்கவேண்டும். நான் பெட்டி வந்துவிட்டதா என்று பார்க்க ஓடினேன்.

யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையதுதான். எங்கே தங்குகிறீர்கள் என்று அவர் கேட்டதும், கடதாசிகளை எல்லாம் ஒழுங்காக அடுக்கிவைத்த பெருமையில், வீட்டு வாடகை ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். அது மார்ச் 3 வரைக்கும்தான். அதற்குப் பிறகு மலைப்பக்கம், அத்தெனாஸ் என்ற ஊரில் ஒரு மாதம் இருக்கலாம் என்று யோசனை. அதற்கு இன்னும் கடதாசி இல்லை. மார்ச் 3 என்றால் வந்த நாளிலிருந்து சரியாக 90. மனுசன் கணக்குப் பார்த்து எழுதியிருக்கிறார், வேறொன்றுமில்லை. ஆகவே போகிறவர்கள் கவனியுங்கள்: திரும்பும் ரிக்கற்றை மட்டும் காட்டுங்கள். கேட்டால் மட்டும் மற்றதைக் காட்டுங்கள். அதுவும் கடதாசியில் அச்சடித்து வைத்திருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இந்தப் பயணத்தில் எதுவும் நேராக நடக்காது என்பதற்குப் புறப்படும் முன்னரே ஓர் அறிகுறி வந்தது. ஒக்ரோபரில் மனைவியின் பிரஷர் குளிசையை டொக்ரர் பாதியாகக் குறைத்தார். நல்ல செய்திதானே என்று சந்தோஷப்பட்டோம். பயணக் காப்புறுதி எடுக்கப் போனால், குளிசையின் அளவு கூடினாலும் குறைந்தாலும் அது "மாற்றம்" தானாம். அந்தப் பொலிசியில் கடைசி 90 நாட்களுக்குள் மாற்றம் இருந்தால் அந்த வருத்தத்துக்குக் காசு தரமாட்டார்கள். கூடுதலாகக் கட்டி, மாற்றம் பார்க்கும் அந்தக் காலம் குறைவாக உள்ள இன்னொரு பொலிசிக்கு மாறினோம். ஒன்ராறியோவில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு 12 மாதத்தில் 212 நாட்கள் வரை வெளியே இருந்தாலும் ஓஹிப் (மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதி) போகாது. அதில் பிரச்சினை இல்லை. ஆனால் ஓஹிப் இருக்கிறதே என்று காப்புறுதி எடுக்காமல் போய்விடாதீர்கள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிச் செலவில் அது தருவது உப்புக்கும் காணாது.

விமானம், வீடு, சிம் கார்ட் எல்லாம் சுகமாக முடிந்தன. கார் அப்படி முடியவில்லை. ஒன்லைனில் நாளுக்கு 11 டொலர் என்று போட்டிருந்தது. கவுண்டரில் நின்றபோது அது 30 டொலரைத் தாண்டியது. இந்த நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் வாடகைக் கார் எடுக்கமுடியாது; உங்கள் கிரெடிற் கார்ட்டின் காப்புறுதி அதை ஈடுசெய்யாது. ஒன்லைன் விலையைப் பார்த்து மயங்கவேண்டாம். இரண்டு கிழமையோடு காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு மாறினோம்.

சரி, 90 நாள் கதைக்கு வருகிறேன்.

அயலில் இருந்த கனடாக்காரர்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "பேசாமல் இருங்கோ, ஒருத்தரும் பார்க்கமாட்டினம்" என்றார் ஸ்காபரோவிலிருந்தே வந்திருந்த ஓர் அண்ணை. எனக்கு அது சரிவரவில்லை. வெளிநாட்டு லைசென்ஸ் அங்கே செல்லுபடியாவது முத்திரையில் எழுதிய நாள்வரைக்கும்தான். அது முடிந்தபின் ஸ்கூட்டரில்கூட ஏறமுடியாது; ஏறி விழுந்தால் காப்புறுதியும் கைகழுவும். தலைநகருக்குப் போய்த் தங்கும் நாட்களை நீடிக்கலாம் என்றார் இன்னொருவர். ஐந்து மணித்தியாலம் பஸ்ஸில் போய், ஒரு படிவத்துக்கு ஒரு வரிசை, பணம் கட்ட வங்கியில் ஒரு வரிசை. நினைத்தாலே முதுகு வலித்தது. கடைசியில் பழைய வழிக்கே வந்தோம். 90 நாள் மட்டும் கொடுத்த காலத்தில் எல்லாரும் செய்ததுதான்: வடக்கே பெனியாஸ் பிளாங்காஸ் எல்லையைக் கடந்து நிக்கராகுவாவுக்குள் போய்த் திரும்பி வருவது.

பெப்ரவரி நடுவில் ஒரு விடியற்காலை புறப்பட்டோம். கோக்கோவிலிருந்து லிபேரியா நகரத்துக்கு (ஆபிரிக்க நாடு இல்லை, கொஸ்தா ரிக்காவிலேயே உள்ளது) முதல் பஸ். அந்த மாதங்களில் எங்கள் ஊர் இருக்கும் குவானாகஸ்தே மாகாணத்தில் மழை ஒரு சொட்டும் இல்லை. ஆனால் காற்றோ காற்று, வாய்க்குள் மணல். லிபேரியா பஸ் நிலையத்தில் எல்லைப் பஸ்ஸுக்கு நின்றபோது, கியூபெக்கிலிருந்து வந்த ஒரு பெண்மணி கேட்டார்: "நிக்கராகுவாவுக்குப் படிவம் அனுப்பிவிட்டீர்களா?" என்ன படிவம்? ஒன்லைனில் முன்கூட்டியே நிரப்பி அனுப்பும் நுழைவு விண்ணப்பமாம். ஒரு கிழமைக்கு முன்பே அனுப்பவேண்டுமாம். தன்னுடைய அச்சடித்த தாளை எடுத்துக் காட்டினார். நான் மனைவியைப் பார்த்தேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் கோக்கோவுக்குத் திரும்பினோம். வழி நெடுக ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

அன்று பின்னேரமே படிவத்தை அனுப்பினேன். பதில் வரும்வரை நித்திரை சரியில்லை. அந்த நாட்களில் என்னை ஆற்றியது சந்தைதான். மரவள்ளி, பூசணி, தேங்காய் எல்லாம் குவிந்து கிடக்கும். தேங்காய்ச் சம்பலும் அவித்த மரவள்ளியும் சாப்பிட்டபோது மட்டும் எல்லை மறந்துபோகும். (ஒன்று சொல்லவேண்டும்: சின்னக் கடைக்காரர் எல்லாம் "சின்பே" என்று கேட்பார்கள். அது உள்ளூர் வங்கிக் கணக்கோடு போனில் காசு அனுப்பும் முறை. சுற்றுலாக்காரருக்குச் சரிவராது. கையில் கொலோன் தாள்கள் வைத்திருங்கள்.)

பெப்ரவரி 27 இரண்டாம் முறை. எல்லைக்குக் கிட்டே பாரவண்டிகள் கிலோமீற்றர் கணக்கில் நிற்கின்றன. பஸ் அவற்றை ஓரம்கட்டிப் போகும், பயப்படவேண்டாம். தரைவழியாக வெளியேற ஆளுக்கு 8 டொலர் கட்டினோம். இறங்கியவுடன் "நான் கட்டித் தாறன்" என்று பாஸ்போட்டைக் கேட்டுப் பலர் சூழ்வார்கள். கொடுக்காதீர்கள். நீங்களே போய்க் கட்டலாம், கஷ்டமில்லை. மற்றப் பக்கம் படிவத்தைப் பார்த்தார்கள், காசு வாங்கினார்கள், விட்டார்கள். கொண்டுபோன டொலர் தாள்களில் ஒன்றின் மூலை கிழிந்திருந்தது என்று திருப்பித் தந்தார்கள். புதுத் தாள்களாகக் கொண்டுபோங்கள்.

அன்றே திரும்பலாம் என்று சிலர் சொன்னார்கள். அதே நாளில் வந்து நின்று முகத்தைக் காட்ட எனக்குத் துணிவில்லை. சான் ஹுவான் டெல் சூரில் ஓர் இரவு தங்கினோம். போகும் வழியில் கொசிபோல்கா ஏரியும் அதன் நடுவில் ஓமெதேபே தீவின் எரிமலையும் தெரிந்தன. இந்த முத்திரைச் சிக்கல் இல்லாவிட்டால் அதைக் கண்டிருக்கமாட்டோம் என்றார் மனைவி. கோபம் தணிந்துவிட்டது என்று விளங்கியது.

மறுநாள் காலை திரும்பவும் கொஸ்தா ரிக்கா வரிசை. எங்களுக்கு முன்னால் நின்ற பையனிடம் வெளியேறும் ரிக்கற் எங்கே என்று கேட்டார்கள். அவன் போனை எடுத்தான். கொஸ்தா ரிக்கா சிம் எல்லைக்கு அப்பால் வேலை செய்யவில்லை; இந்தப் பக்கமும் சிக்னல் வந்து வந்து போனது. மின்னஞ்சல் திறக்கவில்லை. பாவம், ஓரமாக நிறுத்திவைத்தார்கள். நான் என் உறையிலிருந்து ஏப்ரல் 22 என்று அச்சடித்த தாளை எடுத்தேன். அதை மட்டும்தான் எடுத்தேன். அத்தெனாஸ் வீட்டுக் கடதாசி பையின் அடியில் கிடந்தது. மனைவி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

எத்தனை நாள் என்று அதிகாரி கேட்டார். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஸ்பானிஷில், ஏப்ரல் வரை என்று சொன்னேன். முத்திரை விழுந்தது. பேனை அசைந்தது. இந்த முறை நான் நகரவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவுண்டரிலேயே நின்று வாசித்தேன். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும்.

180.

எங்களுக்குத் தேவைப்பட்டது 54 நாட்கள்.

மனைவி தன்னுடைய பாஸ்போட்டையும் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னுடையதைத் திரும்பவும் பார்த்தார். லிபேரியா பஸ்ஸில் ஏறி இருந்தபின் மூன்றாம் தடவையும் பார்த்துவிட்டு, இரண்டையும் தன் கைப்பைக்குள் வைத்து சிப்பை இழுத்தார். அதற்குப் பிறகு ஏப்ரல்வரை அவை என் கைக்கு வரவில்லை.